அம்பாசிடர் இக்னிஷன்: எதற்கு ஒரிஜினல், எதற்கு லோக்கல் போதும்?

கானாடுகாத்தான் வாசகர் ஒருவர் கேட்கிறார்: அப்பச்சி வாங்கிய 1982 பெட்ரோல் அம்பாசிடர், காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் சூடேறி நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறினால் கிளம்புகிறது. பாயிண்ட் (பொறிக்கான கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), கண்டன்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை), ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டை அனுப்புவது), காயில் (பேட்டரி கரண்டைப் பொறி அடிக்கும் அளவுக்கு உயர்த்துவது) எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஒரிஜினல் போடவா, லோக்கல் போதுமா?

முதலில் எதையும் வாங்காதீர்கள். அடுத்த முறை நின்றதும், நின்ற இடத்திலேயே, ஒரு உதிரி பிளக்கை ஒயரில் மாட்டி இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு (கையில் பிடிக்காதீர்கள், பெட்ரோல் கசிவும் இருக்கக் கூடாது) கூட இருப்பவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் இக்னிஷன் (பொறி உண்டாக்கும் அமைப்பு) நன்றாக இருக்கிறது, பெட்ரோல்தான் வெயில் சூட்டில் ஆவியாகி லைனை அடைத்திருக்கும். பொறி மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ, கண்டன்சரையும் காயிலையும் பாருங்கள். சூட்டில் செத்து, ஆறியதும் உயிர் பெறுகிற சாமான்கள் இவை இரண்டும்.

கண்டன்சரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். சின்னச் சாமான்தான், ஆனால் லோக்கலில் ஒன்று நன்றாக இருக்கும், அடுத்தது பத்து கிலோமீட்டரில் போகும், பாயிண்டையும் கருக்கிவிடும். லூகாஸ் டிவிஎஸ் கேட்டு வாங்குங்கள். "பழைய ஸ்டாக் சார், அந்தக் காலத்து ஒரிஜினல்" என்று கடையில் எடுத்துக் கொடுத்தால் பாயிண்டை வாங்கலாம், கண்டன்சரை வேண்டாம். பெட்டியில் கிடந்தே உள்ளிருக்கும் இன்சுலேஷன் கெட்டிருக்கும்.

ரோட்டரும் அப்படித்தான். மட்டமான ரோட்டரில் நடுவில் இருக்கும் ரிவெட் வழியாகக் கரண்ட் ஷாஃப்டுக்கு இறங்கிவிடும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரிவெட் இல்லாமல் வார்த்தது கிடைத்தால், லோக்கல் என்றாலும் நான் அதைத்தான் எடுப்பேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர், இதற்கெல்லாம் நல்ல லோக்கல் தாராளமாகப் போதும்.

காயிலில் பிராண்டைவிட ஓம் கணக்கு முக்கியம். பேலாஸ்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு பிரைமரி (காயிலின் இரண்டு சின்ன டெர்மினலுக்கு நடுவில் அளப்பது) சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். ஒன்றரை ஓம் காயிலை மாட்டினால் கரண்ட் இரட்டிப்பாகிப் பாயிண்ட் எரிந்துபோகும். மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், நம் பக்கத்து வண்டிகள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் வெளியே வரும், மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும். அப்படி நிற்கிற வண்டியில் பாயிண்ட் முகத்தில் மெல்லிய படலம் படிந்துவிடும், புதிது வாங்கத் தேவையில்லை, சுத்தமான கெட்டிக் காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துவிட்டு, பாயிண்ட் இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இருக்கிறதா என்று ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்தால் சரி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற விடாதீர்கள். பொறி மெலிந்தோ வராமலோ இருந்தால் முதலில் கண்டன்சரை மட்டும் மாற்றி, நல்ல வெயில் நேரத்தில் காரைக்குடி வரை ஓட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் பழைய காயிலும் ரோட்டரும் அப்படியே இருக்கட்டும்.