மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை வீட்டில் எப்படி அரைத்துக் கொடுப்பது? எத்தனை நாளில் குணமாகும்?

யாருக்கென்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் யாருக்கோ கண் மஞ்சளாகி, ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அரைக்கும் விதத்தைக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இன்றைக்கே எடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். காரணம் இருக்கிறது.

நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. மழை இரண்டு தடவை பெய்துவிட்டால் தென்னந்தோப்பு வரப்பெல்லாம் கீழாநெல்லிதான். மலையாளத்தில் கீழார்நெல்லி என்பார்கள். பதினொரு வயதில் எனக்குக் காமாலை வந்தபோது அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஏழு நாள் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பில்லாக் கஞ்சி. இரண்டு வாரத்தில் கண் வெளுத்துவிட்டது. அம்மாயி போன பிறகு அந்த அம்மி என் கைக்கு வந்தது. அக்கம்பக்கத்தில் பலருக்கும் கொடுத்திருக்கிறேன். ஒரு பைசா வாங்கியதில்லை.

2016 ஆடியில் என் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, கண் மஞ்சளானது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அத்தை நேராக என்னிடம்தான் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் அத்தை, ஒரு வாரம் பார்க்கலாம்" என்று சொன்னவள் நான். பதிமூன்று நாள் கொடுத்தேன். மஞ்சள் இறங்கவில்லை. "உடம்பெல்லாம் அரிக்குது அம்மிணி" என்றார் மாமா. பித்தம் இறங்குகிறது என்று நினைத்தேன். மலம் களிமண் மாதிரி வெளுத்துப் போகிறது என்று அத்தை சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. பதினான்காம் நாள் ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். விடிவதற்குள் பேச்சு குழறியது. காரில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் ஓடினோம்.

ஸ்கேனில் தெரிந்தது பித்த நாளத்தில் கல். பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் அடைத்து, அதில் கிருமி சேர்ந்து ரத்தம் வரை போயிருந்தது. குடலுக்குப் பித்தம் வராததால்தான் மலம் வெளுத்தது, அரிப்பும் அந்த அடைப்பால்தான். வாய் வழியாக டியூப் விட்டுக் கல்லை எடுத்தார்கள். எந்தப் பச்சிலையும் அந்தக் கல்லை நகர்த்தியிருக்காது.

அங்கே டாக்டர், "நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நானே போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. என்ன இலை, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மாமா பிழைத்தார். அந்த "இல்லை" மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைப் படித்துவிட்டு, நம் வைத்தியத்தை மட்டம் தட்டுகிறாள் என்று சிலர் வருவார்கள். இல்லை. 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியது எனக்கும் தெரியும். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பின்னால் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் தானே சரியாகிவிடும். நான் சிறுமியாக இருந்தபோது இலையால் தேறினேனா, தானாகவே தேறினேனா என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்களுக்கோ கண்ட மஞ்சளெல்லாம் ஒரே காமாலையாக இருந்தது. கல் அடைத்தாலும் மஞ்சள், குடியால் ஈரல் கெட்டாலும் மஞ்சள், எலிக்காய்ச்சல் முற்றினாலும் மஞ்சள். மழைக்காலத்தில் வயலில் இறங்குகிறவர்களுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இங்கே அதை எலிப்பனி என்று மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், மலையாளத்தில் மட்டும். எங்கள் பக்கம் பாதிப் பேர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். என் அம்மா மலையாளம் நன்றாகப் பேசுவார், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பனி என்றால் தமிழில் மார்கழிப் பனிதானே? காய்ச்சல் என்று யாருக்குப் புரியும்? தேர்தல் வந்தால் மட்டும் சுவரெல்லாம் தமிழ் வந்துவிடுகிறது. எத்தனை முறை கேட்டும் அந்த நோட்டீஸ் மாறவில்லை. சரி, கேட்டதற்கு வருகிறேன்.

காய்கள் இலை வரிசைக்கு அடியில் காம்போடு தொங்க வேண்டும், தண்டு பச்சையாக இருக்க வேண்டும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் அது வேறு செடி. களைக்கொல்லி அடித்த தோப்பிலும் சாக்கடை ஓரத்திலும் பிடுங்காதீர்கள். வேரோடு எடுத்து, மண் போக ஐந்தாறு தண்ணீரில் அலசி, அம்மியில் மை போல அரைத்து, பெரியவர்களுக்கு ஒரு சிறு நெல்லிக்காய் அளவு, புளிக்காத மோரில் கலக்கிக் காலையில் ஒரு வேளை. கசக்கும். அம்மாயி கணக்கு ஏழு நாள், நான் இப்போது மூன்று நாளோடு நிறுத்துகிறேன். அதுவும் டாக்டர் பார்த்து, சாதாரணக் காமாலைதான் என்று சொன்ன பிறகு, அவரிடம் சொல்லிவிட்டுத்தான். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை. உப்பில்லாப் பத்தியத்தையும் விட்டுவிட்டேன். வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிட்டால்தான் தெம்பு வரும்.

எத்தனை நாளில் குணமாகும் என்பதற்கு நான் நாள் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் படுத்திருப்பவரிடம் மலம் என்ன நிறம், அரிப்பு இருக்கிறதா, குளிர் எடுக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட்டு மறைப்பார்கள், இரண்டு தடவை கேளுங்கள். அரிப்புக்கோ குளிருக்கோ ஆமாம் என்றாலும், மலம் வெளுத்திருந்தாலும், பேச்சு தடுமாறினாலும் அம்மியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.