குழந்தையின் மூளை வளர்ச்சி: உங்கட கேள்விகளுக்குப் பதில்

கருவில் இருந்து ஐந்து வயது வரையான மூளை வளர்ச்சி பற்றி வன்னியின் பல பக்கங்களில் இருந்தும் வந்த கேள்விகள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

மல்லாவி: அக்கா, மகனுக்கு ஏழு மாசம். தாய்ப்பால் குடிக்கிறான். "மூளை வளர்ச்சிக்கு" எண்டு விளம்பரத்தில வாற பால்மாவும் குடுக்கவோ?

வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசுக்கு மீனும் முட்டையும் வாங்குங்கோ. பிறக்கேக்க 350–400 கிராம் இருக்கிற மூளை, இரண்டு வயதுக்குள் பெரிய ஆளின் மூளையில் முக்கால்வாசி அளவைத் தொட்டுவிடும். இந்த வேகத்துக்கு இப்ப அவனுக்குத் தட்டுப்படக்கூடியது இரும்புச்சத்துத்தான். தாயிடமிருந்து கொண்டுவந்த இருப்பு ஆறு மாதத்தோடு தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தப்படுவதற்கு இரும்பு வேணும். இந்த வயதில் குறைந்தால், பிறகு மருந்து குடுத்து இரத்தத்தைச் சரியாக்கினாலும் கவனத்திலும் படிப்பிலும் குறை தங்கிவிடலாம்.

கனபேர் விடுகிற பிழை, சோற்றைப் பருப்புத் தண்ணியில் கரைத்து ஊட்டுவது. அதில் வயிறு நிரம்பும், சத்து ஏறாது. கரண்டியைச் சரித்தால் வழியாத பதத்தில் மசியுங்கோ. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் அரைக் கோப்பை வரை போதும். முள் எடுத்த சூடை மீன், முட்டை, அவித்த பயறு மாறி மாறிச் சேருங்கோ. கோழி ஈரல் கிழமைக்கு ஒருக்கால் கொஞ்சம் காணும். அதில் விட்டமின் ஏ அதிகம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். மரக்கறியும் பயறும் குடுக்கிற நாளில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளியோ ஒரு துண்டு பப்பாசியோ சேர்த்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துக் குடுக்கிற பழக்கத்தை விடுங்கோ. ஒரு வயது வரை தேனும் கூடாது.

பூநகரி: நாங்கள் மூட்டையாய் வாங்கிற கல்லுப்புத்தான் பாவிக்கிறம். எனக்கு இப்ப மூண்டு மாசம். ஏதும் பாதிப்போ?

கருவாட்டுக்கு அந்த உப்பு சரி, கறிக்கு வேண்டாம். இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயோடீன் சேர்க்க வேண்டும் என்பது விதி. உப்பளத்தில் இருந்து நேரே வரும் மூட்டையில் அது சேர்ந்திராது. கருவின் தைரொயிட் சுரப்பி ஒழுங்காக வேலை செய்ய ஐந்து மாதமளவு செல்லும். அதுவரை பிள்ளையின் மூளை தாயின் தைரொயிட் ஹோர்மோனை நம்பித்தான் வளருது. தாய்க்கு அயோடீன் குறைந்தால் அந்த ஹோர்மோனும் குறையும். அயோடீன் உப்பு வாங்கி, மூடியுள்ள போத்தலில் வைத்து, கறி இறக்கும்போது போடுங்கோ. உப்பைக் கழுவினால் அயோடீனும் போய்விடும்.

பிள்ளை பிறந்த பிறகு குதிக்காலில் குத்தி எடுக்கிற இரத்தம் தைரொயிட் பரிசோதனைக்குத்தான். முடிவு வந்ததோ என்று நீங்களே கேளுங்கோ. குறை இருந்து, முதல் இரண்டு கிழமைக்குள் குளிசை தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். பிந்தினால் புத்தி வளர்ச்சி பாதிக்கும்.

அளம்பில்: பிறந்து மூண்டு நாள், செங்கமாரி மாதிரிக் கிடக்கு. அம்மம்மா காலமை வெயிலில பிடிக்கச் சொல்லுறா.

இந்த நாட்களில் கொஞ்சம் மஞ்சள் கனக்கப் பிள்ளைகளுக்கு வரும், தானாகப் போகும். ஆனால் இந்த மஞ்சளைத் தருகிற பிலிருபின் என்ற பொருள் இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சினால் மூளைக்குள் நுழைந்து, கேட்டலையும் உடல் அசைவையும் நடத்துகிற இடங்களில் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. எங்கட நிறத்தில் தோலைப் பார்த்து மட்டும் பிடிபடாது. பகல் வெளிச்சத்தில் நெற்றியையும் முரசையும் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கோ. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலோ, கீச்சென்று அழுது முதுகை வளைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மஞ்சளைக் குறைக்க ஆஸ்பத்திரியில் வைக்கிற நீல வெளிச்சத்துக்கு அளவு இருக்கு, முற்றத்து வெயிலுக்கு இல்லை. வெயிலை நம்பிக் காத்திருப்பதுதான் ஆபத்து. பால் மட்டும் அடிக்கடி குடுங்கோ.

கிளிநொச்சி: 20 மாசம். போன் காட்டினால்தான் சாப்பிடுவான். இங்கிலீஷ் பாட்டெல்லாம் தெரியும், ஆனால் தமிழில அஞ்சாறு சொல்லுத்தான்.

பாட்டுச் சொல்வதும் கதைப்பதும் வேறு வேறு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கப் பிள்ளைகளில் சிலருடன் ஓர் ஆள் நேரில் இருந்து சீன மொழியில் கதைத்து விளையாடினார். சிலருக்கு அதையே திரையில் காட்டினார்கள். நேரில் கேட்டவர்கள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். திரையில் பார்த்தவர்கள் ஒன்றுமே படிக்கவில்லை. பிள்ளை ஓர் ஒலி எழுப்ப, எதிரே இருக்கிறவர் அதற்கு மறுமொழி சொல்லவேணும்; மூளை மொழியைப் பிடிக்கிறது அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். வெளிநாட்டில் இருக்கிற அப்பாவோடு வீடியோவில் கதைப்பது பரவாயில்லை, அவர் மறுமொழி சொல்லுறார்தானே.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டலில் இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. போனை நிறுத்தினால் முதல் சில நாள் சாப்பாடு குறையும், அதற்குப் பயந்து திரும்பக் குடுக்க வேண்டாம். 20 நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கோ. அவன் "மா" என்று காட்டினால் "மாடு போகுது" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லி, ஐந்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டு இருங்கோ. நாங்களே எல்லாத்தையும் கதைத்து முடிப்பதும் பிழைதான்.

முதலில் காது கேட்கிறதோ என்று பரிசோதியுங்கோ. பேர் சொல்லிக் கூப்பிடத் திரும்பாமல், விரலால் சுட்டிக் காட்டாமல் இருந்தால் இப்பவே கிளினிக்கில் சொல்லுங்கோ. இரண்டு வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்ந்து வரவேணும். முன்பு சொன்ன சொற்களை விட்டுவிட்டான் என்றால் எந்த வயதிலும் பொறுத்திருக்கக் கூடாது.

நெடுங்கேணி: கெதியா நடக்க வோக்கர் வாங்கவோ?

அது நடையைப் பிந்தத்தான் செய்யும், படியிலும் உருட்டும். கனடா 2004இல் தடை செய்துவிட்டது. பாயில் விடுங்கோ. 18 மாதம் வரை நடை பிந்தலாம்.

முல்லைத்தீவு: வலைக்கு ஈயக்குண்டு முற்றத்திலதான் உருக்கி வாக்கிறம். மகளுக்கு ரெண்டு வயசு, பக்கத்தில நிப்பாள்.

அண்ணை, இதை இன்றைக்கே நிற்பாட்டுங்கோ. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகச் சிறு பிள்ளையின் உடல் உறிஞ்சும். மூளையில் அது கல்சியத்தின் இடத்தைப் பிடித்து நரம்புகளுக்கிடையிலான செய்தியைக் குழப்பும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. புகையைவிட மண்ணில் படிகிற தூள் மோசம், அவள் கை வாய்க்குத்தானே போகும். பழைய பற்றறியை உடைப்பதும் இதே கதை.

உருக்குவதை வீட்டுக்கு வெகுதூரம் கொண்டுபோங்கோ. குளித்து உடுப்பு மாற்றின பிறகு பிள்ளையைத் தூக்குங்கோ. அந்த இடத்து மேல் மண்ணை நனைத்து அள்ளி, கிணற்றடியை விட்டுத் தள்ளிப் புதையுங்கோ. தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவேணும். வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கோ. மருந்து ஈயத்தை இறக்கும், மூளையில் நடந்த சேதத்தை மாற்றாது.

துணுக்காய்: மகள் பிள்ளை பெத்து ரெண்டு மாசம். பிள்ளையின்ர முகத்தையே பாக்கிறாளில்லை. கண் பட்டிருக்குமோ?

இல்லையம்மா. பேறுக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு இது, மருத்துவத்தால் மாறும். அவவை ஏச வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்தக் கிழமையே சொல்லுங்கோ. சாகவேணும், பிள்ளைக்கு ஏதும் செய்யவேணும் என்று கதைத்தால் தனிய விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அதுவரை பிள்ளைக்கு நீங்கள் முகம் குடுங்கோ. ஒரு முழம் தூரத்துக்குள் வைத்துச் சிரித்துக் கதைத்தால் இந்த வயதில் திருப்பிச் சிரிக்கும். இரவில் பிள்ளையை நீங்கள் பார்த்து மகளை ஐந்து மணித்தியாலமாவது தொடர்ந்து நித்திரை கொள்ள விடுங்கோ.

செட்டிகுளம்: காய்ச்சல் வலிப்பு வந்தால் புத்தி மங்குமோ?

சாதாரண காய்ச்சல் வலிப்பால் மங்காது. சரித்துப் படுக்க வையுங்கோ, வாய்க்குள் எதையும் விட வேண்டாம், கையில் இரும்பு குடுப்பதால் பயனில்லை. மணிக்கூட்டைப் பாருங்கோ. ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. முதல் தரம் வந்த வலிப்பென்றால், நின்றாலும் ஆஸ்பத்திரியில் காட்டவேணும்.