ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு, படம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிரிண்ட் ஸ்கிரீன் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லையே, ஏன்?

பதில்: நடந்திருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. விண்டோஸ் 10 போன்ற பழைய பதிப்புகளில் அந்த விசையைத் தனியாக அழுத்தினால் படம் ஃபைலாகச் சேமிக்கப்படாது, காப்பி செய்தவை தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயிண்டைத் திறந்து கண்ட்ரோலையும் வி-யையும் சேர்த்து அழுத்துங்கள், வந்துவிடும். இடையில் வேறு எதையாவது காப்பி செய்துவிட்டால் அந்தப் படம் போனதுதான்.

நேரே ஃபைலாக வேண்டுமானால் விண்டோஸ் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிரிண்ட் ஸ்கிரீனைத் தட்டுங்கள். திரை ஒரு கணம் மங்கித் தெளியும். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் படம் இருக்கும். ஒன்டிரைவ் பேக்கப் போட்டிருந்தால், ஒன்டிரைவுக்குள் இருக்கும் பிக்சர்ஸில் தேடுங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு பகுதி மட்டும் போதுமென்றால் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, மவுஸால் கட்டம் இழுத்தால் போதும்.

மேக்கில் ஷிஃப்ட், கமாண்ட், 4. அதன்பின் ஸ்பேஸ் பாரைத் தட்டி ஒரு ஜன்னலைச் சொடுக்கினால் அந்த ஜன்னல் மட்டும் படமாகும்.

கேள்வி: ஒரு மெனுவைத் திறந்து வைத்துப் படமெடுக்கப் பார்க்கிறேன். விசையைத் தொட்டதுமே மெனு மூடிக்கொள்கிறது.

பதில்: ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் சேர்த்து அழுத்துகிறீர்கள் என்றால், ஆல்ட் விசைதான் காரணமாக இருக்கும். மெனு திறந்திருக்கும்போது ஆல்ட்டை அழுத்தினால் ‘மூடு’ என்றுதான் பல மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளும். விண்டோஸோடு வரும் ஸ்கிரீன்ஷாட் மென்பொருளான ஸ்னிப்பிங் டூலைத் திறந்து, கடிகாரப் படம் போட்ட பொத்தானில் 5 நொடித் தாமதம் கொடுங்கள். ‘நியூ’வை அழுத்திவிட்டு, அந்த 5 நொடிக்குள் மெனுவைத் திறந்து அப்படியே விட்டுவிடுங்கள். திரை உறைந்ததும் வேண்டிய பகுதியை இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருந்த எழுத்து, அனுப்பிய பிறகு ஊறிப்போனதுபோல் தெரிகிறது.

பதில்: படம் ஜேபெக் என்ற ஃபைல் வடிவுக்கு மாறியிருக்கிறது. ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளி (பிக்சல்) கட்டங்களாக வெட்டிச் சுருக்கும். முகத்துக்கும் மரத்துக்கும் அது போதும். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடு திடீரென்று முடியும் இடத்தில் ஒத்துவராது. ‘ழ’வின் வளைவைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரத்தில் சாம்பல் பொடி தூவினாற்போல் இருக்கும். சிவப்பு எழுத்து இன்னும் மோசம், ஏனென்றால் வண்ண விவரத்தைப் பெரும்பாலும் பாதி அளவில்தான் ஜேபெக் வைத்துக்கொள்கிறது. எழுத்துள்ள படங்களை பிஎன்ஜி வடிவிலேயே சேமியுங்கள், ஒரு புள்ளிகூட மாறாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள்.

சின்ன எழுத்தைப் பிறகு பெரிதாக்குவதில் பயனில்லை. படமெடுக்கும் முன்பே பிரவுசரை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிடுங்கள். அச்சுக்குப் போகிறதென்றால் இது கட்டாயம்: 1920 புள்ளி அகலமுள்ள முழுத்திரைப் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 6.4 அங்குலம்தான் வரும்.

கேள்வி: கணக்கு எண்ணை மறைத்துவிட்டு அனுப்ப நினைக்கிறேன். மங்கலாக்கினால் போதுமா?

பதில்: போதாது. இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எண்ணில் ஒவ்வோர் இடத்திலும் வரக்கூடியவை பத்தே இலக்கங்கள். அதே எழுத்துருவில் ஒவ்வொன்றையும் எழுதி, அதே அளவு மங்கலாக்கி, உங்கள் படத்தோடு ஒப்பிட்டால் எந்த இலக்கம் என்று கண்டுபிடிக்க வழியுண்டு. கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் அதே கதை. படத்தின் மேல் கிறுக்கச் செயலிகள் தரும் ஹைலைட்டர் பேனா அதைவிட ஆபத்து: நம் கண்ணுக்கு முழுக் கறுப்பாகத் தெரிவது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண்ணைக் காட்டிவிடும்.

பெயிண்டில் உள்ளேயும் கறுப்பு நிரப்பிய செவ்வகத்தை எண்ணின் மேல் வரையுங்கள். வேர்டிலோ பவர்பாயிண்டிலோ வரையாதீர்கள். அங்கே கட்டம் தனிப் பொருளாக மேலே மிதக்கிறது, பெறுபவர் இழுத்து நகர்த்திவிடலாம். வேர்டில் கிராப் செய்த படத்தின் வெட்டிய பகுதியும், தனியாக நீக்காதவரை ஃபைலுக்குள்ளேயே இருக்கும். 2023-இல் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலேயே இப்படியொரு குறை வெளிவந்தது: வெட்டிய படத்தைப் பழைய ஃபைலின் மேலேயே சேமித்தால், வெட்டியெறிந்ததில் ஒரு பகுதி ஃபைலின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு முன் அப்படி வெட்டி அனுப்பிய படங்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஐயமில்லாத வழி ஒன்று உண்டு. மறைத்து முடித்த படத்தைத் திரையில் திறந்து, அதையே மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புதியதை அனுப்புங்கள். திரையில் தெரிந்த புள்ளிகளைத் தவிர வேறெதுவும் அதில் இருக்காது. அனுப்பும் முன் மேலே டேப்களின் பெயர்களையும் மூலையில் வந்து நிற்கும் அறிவிப்புகளையும் ஒருமுறை பாருங்கள். எண்ணை மறைத்துவிட்டு இவற்றைக் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஓடிடி படத்தை எடுத்தால் வெறும் கறுப்பு வருகிறது. கணினி பழுதா?

பதில்: இல்லை. நகலெடுப்பதைத் தடுக்க, அந்தக் காட்சியை ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தராமல் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நீளமான இணையப் பக்கத்தை ஒரே படமாக எடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘டேக் ஸ்கிரீன்ஷாட்’, பிறகு ‘சேவ் ஃபுல் பேஜ்’. எட்ஜில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்தி, முழுப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். எடுக்கும் முன் பக்கத்தின் அடிவரை ஒருமுறை மெதுவாக உருட்டிவிட்டு மேலே வாருங்கள். பல தளங்கள் நாம் அருகில் போனால்தான் படங்களை இறக்குகின்றன. உருட்டாமல் எடுத்தால் நடுவில் காலிக் கட்டங்கள் நிற்கும்.