இடுப்பு வலியோடு திரும்பும் நாட்டாமைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

கேள்வி: கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். லொறியில் மூட்டை இறக்கும்போது எங்கள் நாட்டாமை (மூட்டை சுமக்கும் தொழிலாளி) ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஐந்து வாரமாக வீட்டில் இருக்கிறார். டாக்டர் துண்டில் 'இலகுவான வேலை' என்று எழுதியிருக்கிறார். முழுசாகக் குணமான பிறகு வரச் சொல்லட்டுமா?

பதில்: அதுவரை காத்திருக்க வேண்டாம். தசைப்பிடிப்பால் வரும் இடுப்பு வலிக்குப் படுக்கைதான் மருந்து என்று முன்பு சொல்வார்கள். இப்போது நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. படுத்தே கிடந்தால் தசை தளரும், குனியவே பயம் வரும். வீட்டில் இருக்கும் நாள் கூடக் கூட வேலைக்குத் திரும்புவதும் கடினமாகிவிடும். ஆனால் கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்றைக்கே அவருக்கு ஃபோன் எடுங்கள். "எப்போது வருவீர்கள்?" என்று தொடங்காமல் சுகம் விசாரியுங்கள், அவருடைய இடம் அப்படியே இருக்கிறது என்று சொல்லுங்கள். வேலை போய்விட்டதோ என்ற பயத்திலேயே ஒதுங்கிவிட்ட பலரைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தத் துண்டு. டாக்டர் உங்கள் கடையைப் பார்த்ததில்லை. 50 கிலோ சீனி மூட்டை, ஒரு நாளைக்கு எத்தனை, தோளிலா கைவண்டியிலா, படி ஏற வேண்டுமா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எத்தனை கிலோவரை தூக்கலாம் என்று அவரும் தெளிவாக எழுதித் தருவார்.

இலகுவான வேலை என்றதும் பலர் கல்லாப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். அது தப்பு. அப்படி உட்கார்ந்த ஒருவர் பகல் சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து, வெங்காய மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அரைமணி நேரம் உட்கார்ந்தால், கொஞ்ச நேரம் நடந்து லொறிச் சாமானைக் கணக்குப் பார்க்கட்டும். இடுப்பு உயர மேசையில் சில்லறைச் சாமானை நிறுக்கட்டும்.

முதல் வாரம் அரை நாள் போதும். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு பாரத்தை. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். தரையில் இருந்து தூக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. பின்னேரத்தில் வலி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அது தணியாவிட்டால் ஒரு படி இறங்குங்கள்.

மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவர் என்றால் இது முக்கியம்: இலகுவான வேலையில் வருமானம் விழும், வீட்டுக் கஷ்டத்தில் அவர் மறுபடி மூட்டைக்குத்தான் போவார். அதனால் இந்தச் சில வாரங்களுக்கு நாட்கூலி பேசிவிடுங்கள். ஏன் இந்த ஏற்பாடு என்று மற்ற நாட்டாமைகளுக்கும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கொடுப்பது, 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. இந்த ஐந்து வாரத்தில் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த காசை அட்வான்ஸ் என்று கொப்பியில் எழுதியிருந்தால், அவர் வருவதற்கு முன் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.