கணிப்பு பொய்த்தால் கொள்கையைக் கைவிட வேண்டுமா?

"கணிப்பு பொய்த்தால் அந்த அறிவியல் கொள்கையே தவறுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு சுலபமில்லை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் டிசம்பர் காலையில் மாவுப் பாத்திரத்தைத் திறந்தால், ராத்திரி வைத்த மட்டத்திலேயே கிடக்கும். மாவு புளிக்கும் என்பதை யாரும் சந்தேகிப்பதில்லை, குளிரைத்தான் சொல்வோம்.

யுரேனஸ் கோள் நியூட்டனின் ஈர்ப்புக் கணக்குப்படி நகராதபோதும் இதேதான். வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்கிட்டார். 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. அப்புறம் புதனின் பாதையும் பிசகியது. சூரியனுக்கருகே 'வல்கன்' என்றொரு கோள் இருக்கும் என்றார். தேடித் தேடியும் கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக் கொள்கையையே மாற்றித்தான் அந்தப் பிசகை விளக்கினார்.

எப்போது குளிரைச் சொல்வது, எப்போது கொள்கையை விடுவது? முன்கூட்டியே சொல்லும் விதி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சொல்லும் காரணத்தையும் சோதிக்க வேண்டும். நாங்கள் பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைத்தோம். மறுநாள் மாவு மூடியைத் தொட்டிருந்தது.