நண்டு அப்பாவுக்குத் திமிங்கில மகள்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது. ஏழு மாதக் குழந்தையாக எங்களிடம் வந்தவள். சட்டப்படி தத்தெடுத்தோம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன் என்றால் அவளுக்கு உயிர். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவள், "அம்மா, நண்டுக்கு எப்படிம்மா திமிங்கிலப் பாப்பா பொறந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. "கார்ட்டூன்ல அப்படித்தான்" என்று சொல்லி டி.வி.யை அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து ரிமோட்டை ஒளித்து வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்கிறார் கணவர். சொல்லவே வேண்டாம் என்கிறார் மாமியார். பேத்திக்குச் சோறு ஊட்டுகிறவர் அவர்தான். தத்தெடுத்த ஃபைல் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. முதல் நாள் அவள் போட்டு வந்த மஞ்சள் சட்டையும் அதோடுதான். பீரோ சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டே எத்தனை வருடம் இருப்பேன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: முதலில் ரிமோட்டை எடுத்துப் பழைய இடத்தில் வையுங்கள். அவள் எதையும் தோண்டித் துருவவில்லை. கண்ணில் பட்டதைக் கேட்டாள், அவ்வளவுதான். நீங்கள் பதறி டி.வி.யை அணைத்ததில்தான், இது கேட்கக்கூடாத கேள்வி போலிருக்கிறது என்ற எண்ணம் அவளுக்கு வந்திருக்கும். அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடலுக்கடியில் பிகினி பாட்டம் என்று ஓர் ஊர். அங்கே கிரஸ்டி கிராப் என்ற சாப்பாட்டுக் கடை. முதலாளி மிஸ்டர் கிராப்ஸ், நண்டு. அவருடைய ஒரே மகள் பேர்ல், திமிங்கிலம். அப்பா இடுப்புயரம் என்றால் மகள் கூரையை முட்டுகிறாள். பேர்ல் என்றால் முத்து. நம் ஊரில் பிறந்திருந்தால் முத்துச்செல்வி என்று கூப்பிட்டிருப்போம். அம்மா என்று யாரும் வருவதில்லை.

இதை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க், அனிமேஷனுக்கு வருவதற்கு முன் கலிபோர்னியாவில் டேனா பாயின்ட் என்ற கடலோர ஊரில் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார். 1999இல் தொடர் ஆரம்பித்தபோது, நண்டு எப்படிக் குஞ்சு பொரிக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? நம் மீன் மார்க்கெட் அக்காவுக்கே தெரியும். சினை நண்டைத் திருப்பிப் போட்டால் வயிற்று மடலுக்கு அடியில் கொத்தாக முட்டை ஒட்டியிருக்கும், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது. பேர்லின் சதுரமான பெரிய தலையைப் பார்த்தால் அவள் ஸ்பெர்ம் திமிங்கிலம் என்று தெரியும். (அம்பர்கிரீஸ் கடத்தினார்கள், கைதானார்கள் என்று அடிக்கடி பேப்பரில் படிக்கிறோமே, அது இந்தத் திமிங்கிலத்தின் குடலில் உருவாவதுதான்.) இதன் குட்டி பிறக்கும்போதே நான்கு மீட்டர் நீளம், கிட்டத்தட்ட ஒரு டன் எடை. ஆக, அந்த வாத்தியார் தெரிந்தேதான் இந்த இரண்டையும் அப்பா மகளாக்கியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்த ஊரில் பேர்லைப் பார்த்து "யார் ஜாடை இது?" என்று கேட்க ஓர் அத்தைப்பாட்டி கிடையாது. அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை வருவதெல்லாம் காசு விஷயத்தில்தான். மகளின் பதினாறாவது பிறந்தநாளைக்கூடக் கையைக் கடிக்காமல் முடிக்கப் பார்க்கிற ஆள் அவர். தன் கடையில் உழைக்கிற கதாநாயகன் ஸ்பாஞ்ச்பாபையே ஒருமுறை 62 சென்ட் காசுக்கு விற்றவர், கேளுங்கள். இந்தக் கஞ்சத்தனத்தில் மகளுக்கு மானம் போகிறது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், கதவைச் சாத்துகிறாள். எந்த வீட்டிலும் நடக்கிற கூத்து. நீ திமிங்கிலம், நான் நண்டு என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நின்று அவர்கள் சண்டை போடுவதில்லை.

ஆனால் எப்படி வந்தாள் என்பதைத் தொடர் உட்கார்ந்து விளக்குவதில்லை. நகைச்சுவைக்கு அது தேவையும் இல்லை. அந்த ஓட்டையை உங்கள் மகள் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி. இன்றைக்கு நண்டைக் கேட்டவள் நாளைக்குப் பள்ளியில் குடும்பப் படம் ஒட்டி வரச் சொல்லும்போது, "நான் வயித்துல இருந்தப்ப எடுத்த போட்டோ எங்கம்மா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி வருவதற்குள், நண்டின் பெயரைச் சொல்லியே ஆரம்பித்துவிடுவது உங்களுக்கும் சுலபம்.

அதற்கென்று நாள் நட்சத்திரம் பார்க்காதீர்கள். கேசரி கிளறி, எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னால் குழந்தை மிரண்டுவிடும். மறுபடி அந்தத் தொடரைப் போடுங்கள். பேர்ல் வரும்போது, "அன்னிக்கு ஒண்ணு கேட்டியே கண்ணு, அம்மா சரியாவே பதில் சொல்லல" என்று தொடங்குங்கள். "நண்டு வயித்துல திமிங்கிலம் பொறக்காதுடா. பேர்ல் வேற ஒரு திமிங்கில அம்மா வயித்துல பொறந்திருப்பா. அப்புறம் நண்டு அப்பாகிட்ட வந்திருப்பா. இப்ப அவளுக்கு அப்பா யாரு? நண்டுதானே?" அவள் தலையாட்டுவாள். "நீயும் வேற ஒரு அம்மா வயித்துலதான் பொறந்தே. ஏழு மாசப் பாப்பாவா இருக்கும்போது எங்ககிட்ட வந்தே. அதுக்குப் பேரு தத்து. இப்ப நாங்கதான் உன் அம்மா அப்பா." இவ்வளவு போதும். அவள் "ஓ" என்று சொல்லிவிட்டு அப்பளம் கேட்கலாம். அழலாம். ராத்திரி படுக்கும்போது, "அந்த அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்கலாம். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பெற்றவள் செத்துவிட்டாள் என்று மட்டும் கதை கட்டாதீர்கள். "உன்மேல ரொம்பப் பாசம், அதனாலதான் கொடுத்துட்டாங்க" என்பதும் வேண்டாம். பாசம் வைத்தவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்று அர்த்தமானால், நீங்கள் கொஞ்சும்போதெல்லாம் அவளுக்குப் பயம் வரும். "அவங்களால அப்ப பாப்பாவ வளர்க்க முடியல" என்றால் முடிந்தது.

ஒருமுறை சொன்னால் தீர்ந்துவிடாது. எட்டு வயதில் வேறு மாதிரி கேட்பாள், பன்னிரண்டில் இன்னும் குடைவாள். அப்போதெல்லாம் திரும்ப உட்கார வேண்டியதுதான்.

இன்னொன்று. நம் வீடுகளில் "உன்னைத் தவிடு கொடுத்து வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டுகிற பழக்கம் உண்டே, உங்கள் வீட்டில் அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். என் சித்தப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். எத்தனை படி தவிடு என்று கேட்டேன். "ரெண்டு படி" என்றார். என் அண்ணனுக்கு எத்தனை என்றேன். "அவன் பெத்த புள்ள" என்றார். மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, இருட்டும்வரை அழுதேன். பெற்ற வீட்டிலேயே வளர்ந்த எனக்கே அப்படி. உங்கள் மகளுக்கு நாளை யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் அது விளையாட்டாகப் போகாது.

மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. சொன்னால் பிள்ளை ஒட்டாது என்று நினைக்கிறார். ஆனால் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் இது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ வாய்தவறி உளறி அவள் தெரிந்துகொண்டால், தத்து என்பதைவிட, நீங்கள் இத்தனை நாள் மறைத்தீர்களே என்பதுதான் அவளை அதிகம் வருத்தும். உங்கள் கணவர் சொல்கிற பத்தாம் வகுப்புக்கும் இதே பதில்தான். பதினைந்து வயதில் சும்மாவே கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையிடம் முதன்முதலாகச் சொல்கிற விஷயமா இது?

பிள்ளை கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் உங்களுக்கும் இருக்கலாம். சிறார் நீதிச் சட்டம், 2015இன்படி தத்து உத்தரவு வந்த நாளிலிருந்து அவள் எல்லா வகையிலும் நீங்கள் பெற்ற பிள்ளைக்குச் சமம். சொத்து உட்பட. தன் பூர்வீகத்தைத் தேட வேண்டும் என்று பின்னாளில் அவளுக்குத் தோன்றினால் அதற்கும் முறையான வழி உண்டு. பதினெட்டு வயதுக்குள் என்றால் உங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு அவளே செய்யலாம். பெற்றவர் தன் விவரத்தை வெளியிட வேண்டாம் என்றால் அதையும் மதிப்பார்கள். சட்டமே அவளுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. பேசத் தயக்கமாக இருந்தால், நீங்கள் தத்தெடுத்த நிறுவனத்தையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ அணுகுங்கள். ஆலோசகர் உதவி கிடைக்கும்.

மகளுக்குத் திமிங்கிலம் பிடிக்கும் என்பதால் நிஜத் திமிங்கிலத்தைப் பற்றியும் சொல்லுங்கள். ஸ்பெர்ம் திமிங்கிலத் தாய் கணவாய் பிடிக்க ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குக்கூட இறங்கும். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகலாம். குட்டியால் அவ்வளவு ஆழம் போக முடியாது. அதனால் கூட்டத்தில் இருக்கிற மற்றப் பெண் திமிங்கிலங்கள் முறை மாற்றி முறை இறங்கி, யாராவது ஒருத்தி மேலே குட்டியோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். பெற்ற தாயல்லாத திமிங்கிலம் பால் கொடுப்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மாமியாரும் கூட உட்கார்ந்து கேட்கட்டும். பேத்திக்குச் சோறு ஊட்டுகிறவர் அவர்தான் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்.

சாவியை இடுப்பிலிருந்து எடுத்துவிடலாம். அந்த ஃபைலை இப்போதே காட்ட வேண்டியதில்லை. ஆறு வயதில் நீதிமன்ற உத்தரவைப் படித்து அவள் என்ன செய்யப்போகிறாள்? மஞ்சள் சட்டையை முதலில் எடுங்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, அவள் கையில் கொடுங்கள். பொம்மைக்குப் போட்டுப் பார்க்கக் கேட்டாள் என்றால் கொடுத்துவிடுங்கள்.