நினைவுக்குரிய நொதிகள் எங்கே இருக்கின்றன?

கேள்வி: நினைவாற்றலுக்குத் துணைபுரியும் நொதிகள் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் இருப்பதாகப் படித்தேன். அவை அங்கே மட்டும்தான் இருக்கின்றனவா?

பதில்: அங்கே மட்டும் இல்லை, ஆனால் அங்கே மிகுதியாக இருக்கின்றன. இவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது, கால்சியத்தால் தூண்டப்படும் காம்-கைனேஸ் 2 என்ற நொதி. எலியின் ஹிப்போகேம்பஸில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு இந்த ஒரே நொதிதான். பெருமூளைப் புறணியில் அது சற்றுக் குறைவு. மூச்சு, இதயத் துடிப்பு போன்றவற்றைக் கவனிக்கும் மூளைத்தண்டிலோ மிகச் சொற்பம். ஒரு நொதிக்கு 2 விழுக்காடு என்பது வியக்கத்தக்க அளவு. ஏனெனில் பெரும்பாலான நொதிகள் உயிரணுவுக்குள் இதில் மிகச் சிறு பங்கே இருக்கும்.

எந்தப் பகுதி என்று தெரிந்துகொண்டதோடு நின்றுவிடாமல், நரம்பணுவுக்குள் எந்த இடம் என்றும் பார்க்க வேண்டும். நரம்பணுவின் கிளைகளில், ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள நுண்முட்கள் ஆயிரக்கணக்கில் முளைத்திருக்கின்றன. அடுத்த அணுவிலிருந்து வரும் செய்தி பெரும்பாலும் இந்த முட்களில்தான் வந்து சேர்கிறது. வலுவான செய்தி வந்ததும் முள்ளுக்குள் கால்சியம் பாய்கிறது. அது கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து காம்-கைனேஸ் 2-ஐ எழுப்புகிறது. 12 துணையலகுகள் கூடியமைந்த இந்த நொதியில், விழித்த ஓர் அலகு பக்கத்து அலகின் மீது பாஸ்பேட்டை ஏற்றிவிடுவதால், கால்சியம் வடிந்த பிறகும் நொதி சிறிது நேரம் ஓயாமல் இயங்குகிறது. அவ்வாறு இயங்கும்போது அது செய்தியை வாங்கும் சவ்வுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே செய்தியைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகள் கூடுதலாக நிலைபெற வழிசெய்கிறது. இதனால் அந்த இரு நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்பெறுகிறது; நினைவு பதிவதற்கு இதுவே அடிப்படை என்று கருதப்படுகிறது. இந்த நொதியின் ஆல்ஃபா வகை இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் இடத்தை நினைவில் வைக்கத் தடுமாறின என்று 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மற்ற நொதிகளுக்கும் தத்தம் இடம் உண்டு. புரத கைனேஸ் சி-யின் காமா வகை ஹிப்போகேம்பஸில் இருப்பதோடு, உடலசைவுகளைச் சீர்செய்யப் பழகும் சிறுமூளையின் புர்கின்ஜி அணுக்களிலும் செறிந்திருக்கிறது. புரத கைனேஸ் ஏ ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் உண்டு. தூண்டப்பட்டால் அது உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்கிவிடும். நாள்கணக்கில் நிலைக்கும் நினைவுக்கு அதனால் உருவாகும் புதிய புரதங்கள் தேவை. ஏப்ளிசியா என்ற கடல் நத்தையிடம் இந்தப் பாதையை விளக்கிய எரிக் காண்டெல் 2000-இல் நோபல் பரிசு பெற்றார்.

கேள்வி: அப்படியானால் காம்-கைனேஸ் 2 நொதியை மாத்திரையாக உட்கொண்டால் நினைவாற்றல் கூடுமா?

பதில்: கூடாது. நொதி என்பது புரதம். வாய்வழியே சென்றால் இரைப்பையிலும் குடலிலும் சிதைந்துவிடும். சிதையாமல் மூளைக்குள் சேர்த்தாலும் பயனில்லை, ஏனென்றால் அங்கே அதற்குப் பஞ்சமே இல்லை. எந்த முள்ளுக்குச் செய்தி வந்ததோ அந்த முள்ளில் மட்டும், வந்த அந்த நேரத்தில் மட்டும் அது விழித்தெழ வேண்டும். எல்லா முட்களிலும் ஒருசேர விழித்தால் எந்த இணைப்பும் தனித்து நிற்காது.